பழைய டீசல் வேன் சூடாகிறதா? பாகத்தை மாற்றும் முன் பழுதைக் கண்டுபிடியுங்கள்

"தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு, வாட்டர் பம்ப் புதுசு, ரேடியேட்டரையும் கழுவியாச்சு. இன்னும் சூடாகுது." பழைய டீசல் வேன் வைத்திருப்பவர்கள் கூடினால் இந்தப் புலம்பல் எழாமல் இருக்காது. செலவானது செலவானதுதான், பழுது இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. கூலிங் சிஸ்டத்தில் பாகங்கள் அதிகமில்லை. ஆனால் அதில் எது கெட்டாலும் டேஷ்போர்டில் தெரிவது ஒன்றுதான்: வெப்பம் காட்டும் முள் ஏறுகிறது. அந்த முள்ளை மட்டும் பார்த்துவிட்டுப் பாகம் வாங்கப் போகாதீர்கள். எப்போது ஏறுகிறது, எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது, கூலன்ட் (இன்ஜினை ஆற்றும் திரவம்) குறைகிறதா, குறைந்தால் எங்கே போகிறது என்று கவனித்தால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

டீசலுக்கென்று ஒரு குணம் உண்டு. சும்மா நிற்கும்போது அது எரிக்கும் எரிபொருள் மிகக் குறைவு. நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜினை ஐடிலில் விட்டால் முள் நடுவுக்கு வருவதற்கே வெகுநேரம் பிடிக்கும். லோடு ஏற்றி மேட்டில் ஏறும்போதுதான் வெப்பம் கொட்டும். ஆகவே வீட்டு வாசலில் நிறுத்திவைத்து ஓடவிட்டு "சூடாகவில்லையே" என்று சொல்வதில் பயனில்லை. இன்னொன்று, டீசல் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானாலும் தானாக நின்றுவிடாது. எரிபொருள் வந்துகொண்டிருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட் வளைந்த பிறகும் ஓடும். டீசல் முதலில் ஒரு சிறு அறையில் எரியத் தொடங்கும் பழைய ப்ரீசேம்பர் வகை இன்ஜின்களில் அழுத்த விகிதம் 20:1-க்கு மேல் இருக்கும் என்பதால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டின் மீது விழும் பாரமும் அதிகம். ஒருமுறை கொதிக்கவிட்டாலும் அதன் தடம் ஹெட்டில் தங்கிவிடக்கூடும்.

கைவைப்பதற்கு முன்

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். துணி சுற்றிக்கொண்டும் வேண்டாம், பாதி திருகி ஆவியை விட்டுப் பார்ப்பதும் வேண்டாம். உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம். மூடி தளர்ந்த கணமே அது ஆவியாக மாறி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸை வெறுங்கையால் சிரமமில்லாமல் பிடித்து அமுக்க முடிகிறதா என்று பாருங்கள். அதுவரை மூடியில் கை வைக்காதீர்கள்.

எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றத் தொடங்கலாம். அதன் அருகே வேலை செய்யும்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்க வேண்டாம். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளும் வாயில் வைத்துவிடுவார்கள். சிறு அளவே சிறுநீரகத்தைக் கெடுக்கப் போதும்.

தண்ணீர் போகும் பாதை

எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை கூலன்ட் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வாட்டர் பம்ப் தள்ளும் கூலன்ட் பிளாக்கைச் சுற்றி, ஹெட்டுக்கு ஏறி, தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகப் பம்புக்கே திரும்பிவிடும். பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரி செல்சியஸில் தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்கும். அதன் பிறகு மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், ஆறி, கீழ் ஹோஸ் வழியாகப் பம்புக்கு வரும். வண்டிக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் தனிச் சுற்று. அது சோதனைக்கு எவ்வளவு உதவும் என்று பின்னால் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் அழுத்தத்தில் வைத்திருப்பது மூடி. பழைய வேன்களில் அது பெரும்பாலும் 0.9 அல்லது 1 பார் அளவில் இருக்கும். மூடியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரிவரை கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் பிடிக்காமல் போனால் கொதிநிலை சரிந்துவிடும். எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றியுள்ள மிகச் சூடான இடங்களில் முதலில் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவியால் தண்ணீரைப் போல வெப்பத்தை அள்ளிப்போக முடியாது என்பதால் அந்த இடம் மேலும் சூடாகும். மூடியைச் சின்னப் பொருள் என்று நினைத்துக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் நாளே பார்க்க வேண்டிய பொருள் அது.

எப்போது சூடாகிறது?

இதற்குப் பதில் தெரியாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். ஒரு நோட்டை வண்டியிலேயே போட்டுவையுங்கள். முள் ஏறும்போதெல்லாம் வேகம், கியர், ஏற்றமா சமதளமா, ஏசி ஓடியதா என்று பிறகு நிறுத்தி எழுதுங்கள்.

நெரிசலில் ஊர்ந்தால் ஏறுகிறது, சாலை திறந்து வேகம் பிடித்தால் இறங்கிவிடுகிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தில் குறை இல்லை, காற்றோட்டத்தில்தான் குறை. வேகமாக ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். மெதுவாகப் போகும்போது ஃபேனை மட்டுமே நம்ப வேண்டும். ஃபேன், அதன் கப்ளிங், அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டு ஆகியவற்றைப் பாருங்கள்.

நகருக்குள் ஒன்றுமில்லை, நெடுஞ்சாலையில் வேகம் கூடினாலோ ஏற்றத்தில் இழுத்தாலோ ஏறுகிறது என்றால் நிலைமை நேர்மாறு. வெப்பம் அதிகம் உண்டாகிறது, அதற்கு ஈடாகத் தண்ணீர் ஓடவில்லை, அல்லது ரேடியேட்டரால் ஆற்ற முடியவில்லை. உள்ளே அடைத்த ரேடியேட்டர், பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், இதழ் தேய்ந்த பம்ப், வழுக்கும் பெல்ட், உறிஞ்சுதலில் ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், தொடக்க நிலையிலுள்ள ஹெட் கேஸ்கெட் கசிவு எல்லாம் இந்த வரிசையில் வரும். முதல் கியரில் மெதுவாக ஏறும் செங்குத்தான மேடு மட்டும் விதிவிலக்கு. அங்கே காற்றும் குறைவு, வெப்பமும் அதிகம் என்பதால் ஃபேனையும் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்து சில நிமிடங்களுக்குள் விறுவிறுவென்று ஏறினால் கூலன்ட் குறைந்திருக்கலாம், காற்று அடைத்திருக்கலாம், பெல்ட் அறுந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். முள் சீராக ஏறாமல் மேலும் கீழும் குதித்தால் கூலன்ட்டுக்குள் காற்றோ சிலிண்டரிலிருந்து கசிந்த எரிகாற்றோ சுற்றுகிறது, இல்லாவிட்டால் சென்சார் வயர் தளர்ந்திருக்கிறது. ஓடும்போது சரியாக இருந்து, நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு குடுகுடுவென்று கொதித்து வெளியே தள்ளினால் மூடியில் தொடங்குங்கள். முள் நடுவுக்கே வராமல் குளிர்ந்தே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது, மாற்றிவிடலாம்.

இப்போது ஹீட்டர். முள் ஏறும் நேரத்தில் ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனையும் முழு வேகத்தில் வையுங்கள். நல்ல சூடான காற்று வந்து, முள்ளும் மெல்ல இறங்கினால் பம்ப் தள்ளுகிறது, கூலன்ட்டும் இருக்கிறது. ரேடியேட்டர் பக்கம்தான் பற்றவில்லை. முள் மேலே நிற்க, ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் அந்தச் சுற்றில் தண்ணீரே இல்லை. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். இந்த ஒரு சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆனாலும் இதைச் செய்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

முள் சொல்வது உண்மைதானா?

பழைய வண்டியில் அளவுமானியை அப்படியே நம்பிவிட முடியாது. ஹெட்லைட் போட்டதும் முள் ஏறி, அணைத்ததும் இறங்கினால் அது வெப்பமில்லை. எர்த் இணைப்பு கெட்டிருக்கிறது. வெப்ப முள்ளும் டீசல் முள்ளும் சேர்ந்து வழக்கத்தைவிட உயரமாகக் காட்டினால், சில பழைய வண்டிகளில் டேஷ்போர்டின் பின்னாலுள்ள வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான் குற்றவாளி.

ஆபத்தானது இதற்கு எதிரான நிலை. கூலன்ட் வெளியேறி சென்சார் வெறும் காற்றில் தொங்கினால் முள் கீழே இறங்கிக் காட்டும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும். ஏறியிருந்த முள் காரணமில்லாமல் திடீரென்று விழுந்தால் நிம்மதியடையாமல் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

சரிபார்க்க, குறிபார்த்து வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று போதும். பளபளக்கும் அலுமினியத்தின் மீது அதைக் காட்டினால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூட்டின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் குறிவையுங்கள். 80-க்கும் 95-க்கும் இடையில் காட்டி, முள் மட்டும் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் சென்சாரையும் வயரையும் பாருங்கள், இன்ஜினை விட்டுவிடுங்கள்.

காலைக் குளிரில் ஒரு சுற்று

இரவு முழுக்க நின்ற வண்டியில் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். சூட்டில் விரியும் கூலன்ட் போய்ச் சேரும் எக்ஸ்பேன்ஷன் டேங்கில் இருப்பதை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். ரேடியேட்டரில் தனி மூடி இருந்தால் அங்கே கழுத்துவரை நிற்க வேண்டும். டேங்கில் நிறைய இருந்து ரேடியேட்டரில் குறைந்திருந்தால், ஆறும்போது திரும்ப உறிஞ்சவேண்டிய மூடியின் சின்ன வால்வு வேலை செய்யவில்லை, அல்லது இரண்டையும் இணைக்கும் மெல்லிய குழாயில் எங்கோ காற்று புகுகிறது. காலையில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தாலும் அந்த வால்வுதான்.

கூலன்ட்டை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிந்த நிறம் நல்லது. துருநிறத்தில் கலங்கியிருந்தால் யாரோ வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். உள்ளே அடைப்பும் இருக்கக்கூடும். மேலே எண்ணெய்ப் படலமோ பழுப்பு நிற மயோனைஸ் போன்ற குழம்போ மிதந்தால் அதற்குத் தனியாகக் கீழே வருகிறேன்.

அடுத்து ஹோஸ்கள். ஒவ்வொன்றையும் விரல்களால் அமுக்கிக்கொண்டே முனையிலிருந்து முனைவரை போங்கள். நல்ல ஹோஸ் அழுத்தினால் திமிறும். சில இடங்களில் சொத சொதவென்று இருந்தால் எண்ணெய் பட்டு ஊறியிருக்கிறது. நொறுநொறுவென்று கேட்டால் உள் நூல் அற்றுவிட்டது. கிளிப் உட்காரும் இடத்தை மிக அருகில், டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தாற்போல் ஒரு வளையம் தெரிந்தால் அங்கே கசிந்து காய்ந்திருக்கிறது. சூட்டில் மட்டும் கசியும் இடத்தைக் குளிரில் காட்டிக்கொடுப்பது இந்தக் காய்ந்த கறைதான். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் கீழே கறை வழிந்திருந்தால் பம்ப் சீல் போய்விட்டது. புல்லியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்றும் பாருங்கள். சில இன்ஜின்களில் பம்பை டைமிங் பெல்ட் சுற்றும். அங்கே பம்ப் சீல் கசிந்தால் பெல்ட்டும் நனைந்து கெடும். தள்ளிப்போடாதீர்கள்.

வெளியே பம்பைச் சுற்றும் பெல்ட்டின் பக்கச்சுவர் கண்ணாடிபோல் பளபளத்தால் அது வழுக்குகிறது. கத்தாமலும் வழுக்கும். மாற்றிவிட்டு, வண்டிக்குரிய தொய்வளவில் இறுக்குங்கள்.

கசிவு கண்ணில் படவில்லை, ஆனால் வண்டி தண்ணீர் குடிக்கிறது என்றால் பிரஷர் டெஸ்டர் வேண்டும். மூடிக்குப் பதில் அதை மாட்டி, மூடியில் எழுதியுள்ள அளவுவரை கையால் பம்ப் செய்து பதினைந்து நிமிடம் விடுங்கள். அழுத்தம் குறையக் குறைய எங்கோ சொட்ட வேண்டும். வெளியே எங்கும் ஈரமில்லாமல் அழுத்தம் மட்டும் இறங்கினால் வண்டிக்குள் கால்வைக்கும் இடத்தில் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்) கசிந்தால் அங்கே ஈரமும் கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டமும் தெரியும். அங்கேயும் இல்லையென்றால் சிலிண்டருக்குள் போகக்கூடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிய வேண்டாம்

"தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டா சூடாகாது" என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். பல டீசல் இன்ஜின்களில் அது சூட்டைக் கூட்டிவிடும். தெர்மோஸ்டாட்டின் கீழே ஒரு வட்டத் தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு இறங்கிப் பைபாஸ் வழியை அடைக்கும். முழுவதையும் எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்ட்டில் பெரும்பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் இன்ஜினுக்கே சுடச்சுடத் திரும்பும். அப்படிப்பட்ட தட்டு இல்லாத இன்ஜினில் நேர்மாறாக, இன்ஜின் தன் வேலைச் சூட்டுக்கே வராமல் டீசலை வீணாக்கித் தேயும். எடுத்த தெர்மோஸ்டாட்டின் இடத்தில் சோதித்த தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள்.

சோதிப்பது எளிது. பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை ஒரு மெல்லிய நூலில் தொங்கவிடுங்கள். அடியைத் தொடக் கூடாது. தொட்டால் தண்ணீரின் சூட்டுக்குப் பதில் பாத்திரத்தின் சூட்டுக்குத் திறக்கும். நூலைக் கட்டாமல், வால்வின் விளிம்புக்கும் அது உட்காரும் இருக்கைக்கும் இடையில் செருகித் தொங்கவிட்டால் திறக்கும் கணம் துல்லியமாகத் தெரியும்: நூல் நழுவி, தெர்மோஸ்டாட் கீழே விழும். அந்த நேரத்தில் தெர்மாமீட்டர் காட்டும் அளவை, தெர்மோஸ்டாட்டின் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓரிரு டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. பிறகு கொதிக்கவிட்டு, எவ்வளவு தூரம் திறக்கிறது என்று பாருங்கள். சூட்டில் சரியாகத் தொடங்கி, பாதியில் நின்றுவிடும் தெர்மோஸ்டாட்தான் ஆளை ஏமாற்றுவது. ஏற்றத்தில் மட்டும் சூடாகும் வண்டியில் இது கிடைத்தால் பழுது கிடைத்த மாதிரிதான். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் சின்ன ஆடும் ஊசி ஒன்று இருந்தால் மாட்டும்போது அது மேல்பக்கம் வர வேண்டும். காற்று அதன் வழியாகத்தான் தப்பிக்கிறது.

ரேடியேட்டர்: வெளியே ஒன்று, உள்ளே ஒன்று

முதலில் வெளிப்பக்கம். ஏசி உள்ள வேனில் ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் நிற்கும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள விரலகல இடைவெளியில் பூச்சியும் சருகும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருக்கும். மேல் பிராக்கெட்டைக் கழற்றி, டார்ச் அடித்து அந்த இடைவெளியைப் பாருங்கள். கழுவும்போது பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். அதிக அழுத்தத்தில் அடித்தால் துடுப்புகள் மடிந்து அடைப்பு நிரந்தரமாகிவிடும். விரலால் தொட்டால் துடுப்புகள் தூளாக உதிர்ந்தால் கழுவி ஆகப்போவது ஒன்றுமில்லை, அந்த ரேடியேட்டர் முடிந்தது.

உள் அடைப்பைத் தெர்மாமீட்டர் சொல்லும். நன்றாக ஓட்டிச் சூடாக்கி வந்ததும், இன்ஜினை அணைத்துவிட்டு, ரேடியேட்டர் முகப்பில் கட்டம் கட்டமாக அளந்து தாளில் எழுதுங்கள். கூலன்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை வெப்பம் சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஓரிடம் சட்டென்று குளிர்ந்து கிடந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. பெரும்பாலும் அது கீழ் மூலையில்தான் இருக்கும்.

கீழ் ஹோஸைப் பார்க்க இன்னொருவர் உதவி தேவை. இன்ஜின் சூடானதும் அவர் ஆக்சிலரேட்டரை மிதித்து வேகம் கூட்டட்டும். நீங்கள் சுழலும் பாகங்களிலிருந்து விலகி நின்று அந்த ஹோஸையே பாருங்கள். பம்பின் உறிஞ்சுதலில் அது சப்பையானால், உள்ளே இருக்கவேண்டிய கம்பிச்சுருள் துருப்பிடித்துப் போயிருக்கும், அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கும். வேகத்தைக் குறைத்ததும் அது பழைய வடிவத்துக்கு வந்துவிடுவதால் நிறுத்திவைத்த வண்டியில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஃபேன்

பழைய டீசல் வேன்களில் பெரும்பாலும் இன்ஜினே சுற்றும் ஃபேன், நடுவில் சிலிக்கோன் திரவம் நிரம்பிய விஸ்கஸ் கப்ளிங்குடன் இருக்கும். கப்ளிங்கின் முன்னாலுள்ள சுருள் ரேடியேட்டர் வழியாக வரும் காற்றின் சூட்டை உணர்ந்து திரவத்தை உள்ளே விட, ஃபேன் இறுகிச் சுற்றும். இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது அணைத்துவிட்டு, முழுதாக நின்றதும் ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். எதிர்ப்புத் தெரிய வேண்டும். காற்றாடிபோல் சுற்றிக்கொண்டே போனால் கப்ளிங் செத்துவிட்டது. நடுக்குமிழிலிருந்து வெளிநோக்கித் தூசி ஒட்டிய எண்ணெய்க் கோடுகள் தெரிந்தாலும் அதேதான். சுழலும் ஃபேனைத் தாளாலோ குச்சியாலோ நிறுத்திப் பார்க்கும் முறையைச் சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். வேண்டவே வேண்டாம்.

எலெக்ட்ரிக் ஃபேன் என்றால், சூட்டில் தானாக ஓடுகிறதா என்பதோடு எந்தத் திசையில் காற்றை இழுக்கிறது என்றும் பாருங்கள். ரேடியேட்டர் முன் ஒரு தாளைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். யாரோ மோட்டாரை மாற்றும்போது வயரை மாற்றிக் கொடுத்திருந்தால் ஃபேன் முன்னோக்கி ஊதும். ஓடும் வண்டியில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். உடைந்ததென்று கழற்றி வைத்த ஃபேன் கூண்டையும் தேடி எடுத்து மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுப்பதற்குப் பதில், பக்கத்திலிருக்கும் சூடான காற்றையே சுழற்றும்.

ஹெட் கேஸ்கெட்: பயந்து முடிவெடுக்காமல் நிரூபியுங்கள்

மெக்கானிக் ஒருவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு "கேஸ்கெட் போயிடுச்சு" என்று சொன்னால் அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டாம், அப்படியே மறுக்கவும் வேண்டாம். சோதனை இருக்கிறது.

காலையில், குளிர்ந்த இன்ஜினில், மூடியைத் திறந்து மூடுங்கள். மிச்சமிருந்த அழுத்தம் போய்விடும். ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸை அமுக்குங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, ஹோஸ் மட்டும் கல்போல் இறுகிவிட்டது என்றால் அந்த அழுத்தம் சிலிண்டரிலிருந்து வருகிறது. வெப்பம் இல்லாமல் அழுத்தம் உண்டாக வேறு வழியில்லை.

அடுத்து, மூடியைத் திறந்தே வைத்து ஸ்டார்ட் செய்து கழுத்தில் குமிழிகளைப் பாருங்கள். புதிதாகக் கூலன்ட் நிரப்பிய வண்டியில் சிறிது நேரம் குமிழி வரும், அடைத்த காற்று தீர்ந்ததும் நின்றுவிடும். நிற்காமல் வந்து, ஆக்சிலரேட்டர் கூட்டினால் குமிழியும் கூடுகிறது என்றால் நல்ல சகுனம் இல்லை. கழுத்தில் வைத்து உறிஞ்சும் நீலத் திரவச் சோதனைக் கருவி கிடைத்தால் இன்னும் உறுதி. எரிகாற்றின் கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். கருவிக்குள் கூலன்ட் ஏறிவிடாதபடி அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். டீசல் ஐடிலில் மிகுந்த காற்றோடு எரிவதால் அதன் புகையில் கார்பன் டை ஆக்சைடு குறைவு. ஐடிலில் மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். வேகத்தை உயர்த்திப் பிடித்தும் பாருங்கள்.

எண்ணெயும் கூலன்ட்டும் கலந்திருந்தால் உடனே ஹெட்டைக் கழற்றிவிடாதீர்கள். பல டீசல்களில் இன்ஜின் ஆயிலைக் கூலன்ட்டால் ஆற்றும் ஆயில் கூலர் உண்டு. ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலன்ட்டைவிட அதிகம் என்பதால், கூலர் ஓட்டையானால் கூலன்ட்டில் எண்ணெய் வரும். கேஸ்கெட் நன்றாகவே இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் கியர் ஆயிலை ஆற்றும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அது உடைந்தால் இளஞ்சிவப்புக் குழம்பு தெரியும். அந்த நிலையில் வண்டியை ஓட்டினால் கியர் பெட்டியும் போய்விடும். ஆயில் மூடிக்கடியில் மட்டும் கொஞ்சம் வெண்குழம்பு இருப்பது, குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்ததாகவும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கையும் பார்த்த பிறகே பேசுங்கள்.

காலையில் ஸ்டார்ட்டர் ஒரு "தொக்" சத்தத்தோடு சுற்றாமல் நின்றால் மறுபடி மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். இரவில் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். க்ளோ ப்ளக்குகளையோ (குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் சூடேற்றிகள்) டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களையோ கழற்றிய பிறகே சுற்றிப் பார்க்க வேண்டும்.

ஓட்டை அடைக்கும் பவுடர், திரவம் எதையும் ஊற்றாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அது கசிவை மட்டும் தேடிப் போகாது. ரேடியேட்டர், ஹீட்டர் ஆகியவற்றின் மெல்லிய குழாய்களிலும் படியும். அதன் பிறகு எந்தச் சோதனையின் பதிலையும் நம்ப முடியாது.

கூலிங்கில் குறையே இல்லாதபோது

இவ்வளவும் சரி, இன்னும் சூடாகிறது என்றால் வெப்பம் அளவுக்கு மீறி உண்டாகிறதா என்று பாருங்கள். சக்கரங்களைத் தொடாமல், அருகே கையைக் கொண்டுபோய் எதில் அனல் அடிக்கிறது என்று கவனியுங்கள். சிக்கிய பிரேக் இன்ஜினை நாள் முழுக்க லோடு இழுக்க வைக்கும். இன்ஜெக்ஷன் பம்பில் டீசல் அளவைக் கூட்டி வைத்திருந்தால் ஏற்றத்தில் கரும்புகை வரும், கூடவே சூடும். இன்ஜெக்ஷன் டைமிங் தவறியிருந்தாலும், சைலன்சர் அடைத்திருந்தாலும் அப்படித்தான்.

நிரப்புவதும் காற்று எடுப்பதும்

வேன்களுக்கு இது கார்களைவிடக் கடினம். டொயோட்டா ஹைஏஸ், மிட்சுபிஷி எல்300 போன்றவற்றில் இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும். பின்னிருக்கைகளுக்கு ஹீட்டர் குழாய் தனியாக நீளும். ஃபோக்ஸ்வாகன் டி3 டீசலில் இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நீண்ட குழாய்கள் அடியில். அதில் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ரேடியேட்டரின் மேலுள்ள திருகைத் திறந்து காற்றை விட வேண்டும். உங்கள் வண்டியில் காற்று விடும் திருகுகள் எங்கெங்கே என்று சர்வீஸ் மேனுவலில் முதலில் பாருங்கள். பாகம் மாற்றிய பிறகு சூடாகும் வண்டிகளில் பலவற்றின் பழுது புதிய பாகத்தில் இருக்காது. உள்ளே தங்கிவிட்ட காற்றில் இருக்கும்.

ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிட்டு, மெதுவாக ஊற்றுங்கள். பாதி கூலன்ட், பாதி காய்ச்சி வடித்த தண்ணீர் என்பது பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். அந்தக் கலவை பூச்சியத்துக்குக் கீழே 37 டிகிரிவரை உறையாது, துருவையும் தடுக்கும். கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. டப்பாவில் எழுதியிருக்கும் வகை உங்கள் இன்ஜினுக்குச் சொன்ன வகைதானா என்று பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டால் முழுதாக வடித்துக் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். திருகுகளில் குமிழியில்லாமல் கூலன்ட் வந்ததும் மூடி, ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸ் சூடாகும்வரை விடுங்கள். இடையில் அளவு இறங்கினால் ஊற்றிக்கொண்டே இருங்கள். பிறகு மூடியைப் போட்டு, பக்கத்தில் ஒரு சுற்று ஓட்டி வாருங்கள்.

வழியில் ஏறிவிட்டால்

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, கியரைக் குறைத்து லோடைத் தணியுங்கள். இறங்கவில்லையென்றால் ஓரங்கட்டுங்கள். ஆவியோ ஒழுக்கோ இல்லாமல், ஹீட்டரில் சூடான காற்றும் வந்தால் ஐடிலைவிடச் சற்று உயர்ந்த வேகத்தில் சில நிமிடம் ஓடவிட்டால் பம்பும் ஃபேனும் சூட்டை இறக்கும். கூலன்ட் போய்விட்டதென்றால் உடனே அணையுங்கள். சூடான ஹெட்டின் மீது குளிர்ந்த தண்ணீரை ஊற்றவே கூடாது, வார்ப்பில் விரிசல் விழுந்துவிடலாம். முழுதாக ஆறிய பிறகே மூடியைத் திறந்து ஊற்றுங்கள்.

பழுதை நீக்கிய பிறகு, ஒரு வாரத்துக்குத் தினமும் காலையில் குளிர்ந்த இன்ஜினில் டேங்கின் அளவைப் பார்த்து வெளியே மார்க்கரால் கோடு போடுங்கள். முதல் ஓரிரு நாள் உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறுவதால் அளவு கொஞ்சம் இறங்கும்; அதன் பிறகு அதே கோட்டில் நிற்க வேண்டும். புதிய ஹோஸ் போட்டிருந்தால் முதல்முறை சூடாகி ஆறியதும் கிளிப்புகளை இன்னொரு சுற்று இறுக்கிவிடுங்கள். மூன்றாம் நாளும் கோடு இறங்கினால் பிரஷர் டெஸ்டரை மறுபடி மாட்டுங்கள்.